விதி யந்திரத்தின் நினைவும் மறதியும்

நினைவாற்றலைப் புகழ்வார் பலர். மறதியைப் புகழ்வார் அரியர். மாணவர்க்கு மறதி பகை என்பதை நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும், கணினிகளின்பால் ஒப்புவிக்கப்பட்டுள்ள சில கருமங்களில், ஒரு வேலையை முடித்தவுடன் அவ்வேலைக்குரிய யாவற்றையும் எச்சமின்றி மறத்தலே கருவியின் தலையாய கடமையாக அமைந்திருக்கின்றது. அம்மறதி குறைவுபடின் இருவகைத் தீங்கு விளையும். ஒன்று, பயனற்ற பொருள்கள் நினைவகத்தில் நாளடைவிற் பெருகி, இறுதியிற் கணினியின் வேலை நின்றுவிடும். மற்றொன்று, முன்னர் வந்த ஒருவருடைய செய்தி பின்னர் வந்த மற்றொருவருடைய வழக்கிற் கலந்து தீர்ப்புப் பிழைபடும். முன்னது பொருட்சேதம், பின்னது நீதிக்கேடு. இவ்விரண்டும் நேராதவாறு காக்கும் முறைகளுள் ஒன்றாகிய 'நிலை தாங்கா அமர்வு' என்பதன் இயல்பையும், அதனுட் புகும் பொருள்கள் பிறந்து, வாழ்ந்து, ஒடுங்கும் வகையையும் இவ்வியாசத்தின்கண் ஆராயப் புகுகின்றோம்.

1. விதி யந்திரம் என்பது யாது?

சாதாரணமாகக் கணினிக்கு எழுதப்படும் நிரல், முதலில் இது செய்க, பின்னர் அது செய்க என்று வரிசைப்படக் கட்டளையிடுவது. விதி யந்திரத்திற்கு எழுதப்படுவனவோ அத்தகைய வரிசையைப் பெரும்பாலும் சொல்லா. 'இன்னது உளதாயின் இன்னது செய்க' என்னும் வடிவில் விதிகள் தனித்தனியே எழுதப்படும். எவ்விதி எப்பொழுது பொருந்தும் என்பதைத் தன்பால் வந்த செய்திகளை நோக்கி யந்திரமே கண்டுகொள்ளும்.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்குவோம். ஒரு கல்லூரியில் உபகாரச் சம்பளம் வழங்குதற்குப் பின்வரும் மூன்று விதிகள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2,00,000 ரூபாய்க்கு மேற்படாதாயின் விண்ணப்பம் பரிசீலனைக்கு உரியது என்பது முதல் விதி. பரிசீலனைக்கு உரிய விண்ணப்பத்தில் மதிப்பெண் நூற்றுக்கு 60-க்குக் குறையாதாயின் முழு உபகாரச் சம்பளம் தருக என்பது இரண்டாம் விதி. அக்குடும்பத்திலிருந்து வேறொருவர் முன்னரே விண்ணப்பித்திருப்பின் பாதித் தொகையே தருக என்பது மூன்றாம் விதி. இவற்றுள் ஒன்றை மாற்ற வேண்டுமாயின் அதனை மட்டும் மாற்றினாற் போதும், ஏனையவற்றைத் தொடவேண்டுவதில்லை. கடன் வழங்கும் வங்கிகளும், காப்பீட்டு நிறுவனங்களும், வரி கணிக்கும் அலுவலகங்களும் இம்முறையை விரும்புதற்கு இதுவே காரணம்.

இம்முறையின் வேர் தருக்க நூலிலே உளது. எமில் போஸ்ட் என்னும் கணித அறிஞர் 1943-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், குறிகளை விதிப்படி மாற்றியமைக்கும் முறைமைகளை ஆராய்ந்தார். மனிதன் சிக்கல்களை ஆராய்ந்து தெளியும் வகையை இத்தகைய விதிகளால் விளக்கக்கூடும் என்று ஆலன் நியூவெல், ஹெர்பர்ட் சைமன் என்னும் இருவர் 1972-இல் வெளியிட்ட பெருநூலிற் காட்டினர். 1970-களின் இறுதியில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து ஜான் மக்டெர்மட் என்பவர், டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் விற்ற வாக்ஸ் கணினிகளுக்கு எவ்வெவ்வுறுப்புக்கள் சேரவேண்டும் என்று தீர்மானிக்கும் விதி நிரல் ஒன்றை இயற்றினார். அது நடைமுறைத் தொழிலிலே பயன் தந்த முதற் பெரும் விதி நிரல்களுள் ஒன்றாக எண்ணப்படுகின்றது. ஜாவா மொழியில் இயங்குவதும், பாப் மக்விர்ட்டர் என்பவரால் 2001-இல் தொடங்கப்பெற்றதுமாகிய ட்ரூல்ஸ் என்னும் யந்திரம் இக்காலத்துப் பலரும் அறிந்தது. ஆதலின் நாம் பின்னர்க் கூறுவனவற்றிற்கு அதனையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

2. காலத்தைப் பெறுதற்கு இடத்தைக் கொடுத்தல்

விதி யந்திரத்திற்கு நினைவகம் மிகுதியும் வேண்டப்படுவது ஏன் என்னும் வினாவிற்கு முதலில் விடை காண்போம். 200 விதிகளும் 1,000 செய்திப் பொருள்களும் உள்ளன என்க. ஒவ்வொரு விதியையும் ஒவ்வொரு பொருளோடும் ஒப்பிட்டால் ஒரு சுற்றுக்கு 2,00,000 ஒப்பீடுகள் ஆகும். ஒரு விதி பொருந்திச் செயற்பட்டவுடன் ஏதேனும் ஒரு பொருள் மாறும். மாறவே, மறுபடியும் முதலிலிருந்து ஒப்பிடல் வேண்டும். ஆயினும் அம்மாற்றம் பெரும்பாலும் ஒன்றிரண்டு பொருள்களையே பற்றியதாதலின், ஏனையவற்றைத் திரும்பத் திரும்ப ஒப்பிடுதல் வீண் உழைப்பு.

இவ்வீணுழைப்பை ஒழித்தற்குச் சார்லஸ் ஃபார்ஜி என்பவர் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்திற்கு 1979-இல் அளித்த ஆராய்ச்சி நூலில் ஒரு வழி கண்டு, 1982-இல் அதனை விரிவாக வெளியிட்டார். அதன் பெயர் ரீட்டே. இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்கு வலை என்பது பொருள். விதிகளின் நிபந்தனைகள் யாவும் ஒரு வலையின் முடிச்சுக்களாகப் பின்னப்படும். ஒரு செய்திப் பொருள் வலையினுட் புகுந்தவுடன், தனக்குப் பொருந்திய முடிச்சுக்களின் வழியே சென்று ஆங்காங்குத் தங்கும். இரண்டு நிபந்தனைகளுள் ஒன்று மட்டும் நிறைவேறியிருப்பின், அவ்வரைகுறைப் பொருத்தமும் அம்முடிச்சிற் குறித்து வைக்கப்படும். மற்றொன்று வந்து சேருங்காலத்தில், முன் குறித்ததை எடுத்து இணைத்துக்கொள்ளலாம், மீண்டும் தேடவேண்டுவதில்லை.

இதனால் காலம் மிச்சமாகின்றது. ஆனால் இடம் செலவாகின்றது. மூன்றாம் விதியைப் பாருங்கள். ஒரு குடும்பத்தார் இருவரைக் கண்டுபிடிக்க வேண்டுமாயின், விண்ணப்பங்களை ஒன்றோடொன்று இணைத்துப் பார்த்தல் வேண்டும். 1,000 விண்ணப்பங்கள் ஒருங்கே உள்ளே இருக்க, குடும்ப எண் ஒத்திருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனையை விதி எழுதுவோர் விட்டுவிடின், இணைகள் 10,00,000 வரை பெருகக்கூடும். உள்ளே சென்ற பொருள் ஆயிரமே. உள்ளே உண்டான குறிப்புக்களோ பத்து லட்சம். ட்ரூல்ஸ் யந்திரத்தின் ஆறாம் பதிப்பில், 2013-ஆம் ஆண்டில், ரீட்டே முறைக்குப் பதிலாக ஃப்ரீக் என்னும் முறை புகுத்தப்பட்டது. அது வேண்டும்பொழுதன்றிப் பொருத்தங்களைக் கணியாது ஒத்திவைக்கும் இயல்பினது. ஆயினும், கணித்த குறிப்புக்களை வைத்துக்கொள்ளுதல் என்னும் அடிப்படை அதனிலும் உண்டு.

3. விதித்தொகுதியும் அமர்வும்

இனி, மாணவர் ஐயமறத் தெரிந்துகொள்ளவேண்டிய பாகுபாடு ஒன்று உண்டு. விதிகளைப் படித்து, பிழை நோக்கி, வலையாகப் பின்னி வைத்திருப்பது விதித்தொகுதி. அதனை ஆக்குதற்குக் காலமும் நினைவகமும் மிகுதியாக வேண்டும். ஆயினும் ஒருமுறை ஆக்கியதைப் பலமுறை பயன்படுத்தலாம். அமர்வு என்பது, குறித்த சில செய்திகளை அவ்விதிகளின்முன் வைத்துத் தீர்ப்புப் பெறும் ஒரு நிகழ்ச்சி. வலையின் முடிச்சுக்கள் எல்லா அமர்வுக்கும் பொது. அம்முடிச்சுக்களிற் குறித்து வைக்கப்படும் பொருத்தங்களோ அமர்வுதோறும் வேறு. வலை ஒன்றே; ஆனால் வீச்சுத்தோறும் அதிற் படும் மீன் வேறு என்று கொள்க.

அமர்வு இருவகைப்படும். நிலை தாங்கும் அமர்வு, அழைத்தவர் முடிக்கும் வரையில் தன் செய்திகளை விடாது வைத்திருக்கும். இன்று ஒரு பொருளை இடலாம். நாளை மற்றொன்றை இட்டு இரண்டையும் சேர்த்துத் தீர்ப்புக் கேட்கலாம். வேலை முடிந்தபின் டிஸ்போஸ் என்னும் கட்டளையால் அதனை விடுவித்தல் அழைத்தவரின் பொறுப்பு. விதிகள் மாறியபொழுது நடப்பிலுள்ள அமர்வுகளுக்கும் அம்மாற்றத்தைத் தெரிவித்தற்பொருட்டு, விதித்தொகுதி தன்னிடம் உண்டான அமர்வுகளை நினைவில் வைத்திருக்கும். ஆகவே விடுவியாது விட்ட அமர்வு, அழைத்தவர் மறந்துபோன பின்னரும் விதித்தொகுதியின் பிடியில் உயிரோடிருக்கும். அதனுள் இட்ட பொருள்களும் அவ்வாறே இருக்கும்.

நிலை தாங்கா அமர்வில் இப்பொறுப்பு அழைத்தவரிடம் இல்லை. எக்ஸிகியூட் என்னும் ஒரே கட்டளையால் யாவும் நடைபெறும். அக்கட்டளை வந்தவுடன் உள்ளே புதிய அமர்வு ஒன்று உண்டாக்கப்படும். தரப்பட்ட பொருள்கள் அதனுள் இடப்படும். பொருந்திய விதிகள் எல்லாம் செயற்படும். ஈற்றில் அவ்வமர்வு விடுவிக்கப்படும். இடையிற் பிழை நேர்ந்து வேலை முறிந்தாலும் விடுவித்தல் தவறாது நடக்குமாறு அமைக்கப்பட்டுள்ளது. இதனை வாரச் சந்தைக்கு ஒப்பிடலாம். நிலை தாங்கும் அமர்வு ஊருக்குள் நிலையாக அமைந்த கடை. இரவிற் கதவடைப்பினும் சரக்கு உள்ளே இருக்கும். நிலை தாங்கா அமர்வோ காலையிற் கூடி மாலையிற் கலையும் சந்தை. அடுத்த வாரம் வருவோர்க்கு வெறுந்தரையே எஞ்சும்.

4. ஒரு பொருளின் வாழ்வு

இவ்வமர்வினுட் புகும் ஒரு விண்ணப்பப் பொருளின் வாழ்வை முதலிலிருந்து பின்தொடர்வோம்.

முதலாவது, அது அமர்வுக்கு வெளியே, அழைக்கும் நிரலிற் பிறக்கின்றது. பெயர், வருமானம், மதிப்பெண், குடும்ப எண் ஆகியவை அதன் உறுப்புக்கள். இரண்டாவது, அமர்வினுள் இடப்படுகின்றது. அப்பொழுது யந்திரம் அப்பொருளைப் படியெடுப்பதில்லை. அதற்கு ஒரு கைப்பிடியை உண்டாக்கி, அக்கைப்பிடியின் வழியாகவே அதனைப் பற்றிக்கொள்கின்றது. மூன்றாவது, வலையினுட் சென்று பொருத்தக் குறிப்புக்களை உண்டாக்குகின்றது. நான்காவது, விதிகள் செயற்படுங்கால் அதன் உறுப்புக்கள் மாறலாம். 'பரிசீலனைக்கு உரியது' என்பது போன்ற புதிய பொருள்களும் அமர்வினுள்ளேயே பிறக்கலாம். ஐந்தாவது, அமர்வு விடுவிக்கப்படுகின்றது.

இவ்விடத்திற்றான் கற்போர் பலர் மயங்குவர். அமர்வு விடுவிக்கப்பட்டவுடன் யாவும் அழிந்தன என்று எண்ணுதல் தவறு. அமர்வுக்குரிய கைப்பிடிகளும் பொருத்தக் குறிப்புக்களும் பற்றுவாரின்றிப் போகின்றன. அமர்வினுள்ளே பிறந்து, வெளியே எவராலும் பற்றப்படாத பொருள்களும் அவ்வாறே ஆகின்றன. ஆனால் வெளியிலிருந்து வந்த விண்ணப்பப் பொருளோ, அழைத்த நிரல் அதனைப் பற்றியிருக்கும் வரையில் உயிரோடேயிருக்கும். விதிகள் அதன் உறுப்புக்களிற் செய்த மாற்றமும் அதன்மேல் நிலைத்திருக்கும். அம்மாற்றத்தின் வழியாகவே அழைத்தவர் தீர்ப்பை அறிந்துகொள்கின்றார். எனவே, அமர்வு மறப்பது தன் பற்றையே, பொருளையன்று. இவ்வொரு வாக்கியத்தை உளத்திற் பதித்துக்கொள்வார்க்குப் பின்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

5. குப்பை வாருவோனின் தொழில்

பற்றுவாரற்ற பொருள்களின் இடத்தை மீட்பது யார்? ஜாவா மொழியில் அவ்வேலை நிரல் எழுதுவோரைச் சார்ந்ததன்று. குப்பை சேகரிப்பான் என்னும் உறுப்பைச் சார்ந்தது. இவ்வெண்ணத்தை முதன்முதற் செயற்படுத்தியவர் ஜான் மெக்கார்த்தி. லிஸ்ப் மொழியைப் பற்றி அவர் 1960-இல் வெளியிட்ட கட்டுரையில், வேரிலிருந்து தொடங்கி எட்டக்கூடிய பொருள்களையெல்லாம் குறியிட்டு, குறிபெறாதவற்றின் இடத்தை மீட்டுக்கொள்ளும் வழியை விளக்கினார். அதே ஆண்டில் ஜார்ஜ் காலின்ஸ் என்பவர், ஒவ்வொரு பொருளையும் எத்தனை பேர் பற்றியுள்ளனர் என்று எண்ணி, அவ்வெண் சுழியமானவுடன் விடுவிக்கும் வேறொரு வழியைக் கூறினார். பின்னதில் ஒரு குறையுண்டு. இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருப்பின், உலகம் முழுதும் அவற்றைக் கைவிட்டாலும் அவற்றின் எண் சுழியமாகாது. விதி வலையில் கைப்பிடியும் குறிப்பும் ஒன்றையொன்று சுட்டுவன. ஆதலின் வேரிலிருந்து எட்டுமா என்று நோக்கும் முன்னைய வழியே இதற்கு ஏற்றது. ஜாவாவின் சேகரிப்பான்களும் அவ்வழியினவே.

இதற்குமேல் ஒரு நுட்பமும் உண்டு. பெரும்பாலான பொருள்கள் பிறந்த சிறிது காலத்திலேயே பயனற்றுப் போகின்றன என்பதை அறிஞர் கண்டனர். ஹென்றி லீபர்மன், கார்ல் ஹூவிட் என்னும் இருவர் 1983-லும், டேவிட் அங்கர் என்பவர் 1984-லும், இளம் பொருள்களையும் முதிர்ந்த பொருள்களையும் பிரித்து வைத்து, இளம் பகுதியை அடிக்கடி துப்புரவு செய்யும் முறையை வெளியிட்டனர். இளம் பகுதியிற் பிழைத்திருக்கும் சிலவற்றை மட்டும் எடுத்து அப்பாற் சேர்த்துவிட்டால், எஞ்சிய இடம் முழுதும் ஒருங்கே காலியாகும். இறந்த பொருள் எத்தனை ஆயினும் அதற்கெனத் தனி உழைப்பு வேண்டுவதில்லை.

நிலை தாங்கா அமர்வின் பொருள்கள் இம்முறைக்கு மிகவும் ஏற்றவை என்பதை இப்பொழுது காணலாம். ஓர் அழைப்பு விரைவில் முடியுமாயின், அதனுட் பிறந்த கைப்பிடிகளும் குறிப்புக்களும் இளமையிலேயே கைவிடப்படுகின்றன; மீட்பதும் எளிது. அன்றி, ஒரே அழைப்பிற் பல லட்சம் பொருள்களை இட்டு நெடுநேரம் நடத்தினால், அவை அமர்வு முடியுமுன்னரே முதிர்ந்த பகுதிக்கு மாற்றப்படும். அங்கிருந்து மீட்பதற்கு உழைப்பு மிகுதி. மேலும், விடுவித்த அக்கணத்திலேயே இடம் மீளும் என்று எதிர்பார்த்தலும் கூடாது. விடுவித்தல் அமர்வின் செயல். வாருதல் சேகரிப்பான் தனக்கு உகந்த காலத்திற் செய்வது.

6. மறதி தவறும் இடங்கள்

நிலை தாங்கா அமர்வைக் கைக்கொண்டோம். இனிக் கவலையில்லை என்று இருந்துவிடலாமா? ஆகாது. மறதி தவறும் இடங்கள் நான்கைக் கூறுவோம்.

முதலாவது, பொதுப்பொருள். விதிகள் தம் தொழிலுக்குத் துணையாகக் கொள்ளும் பட்டியல், பதிவேடு முதலியவற்றை அமர்வுக்குப் பொதுப்பொருளாகத் தருவது வழக்கம். நிலை தாங்கா அமர்வின்மேல் நேரே வைக்கப்பட்ட பொதுப்பொருள், ஓர் அழைப்போடு ஒழிவதன்று. எல்லா அழைப்புக்களுக்கும் அதுவே நிற்கும். சந்தை கலைந்தாலும் சந்தைத் திடலில் நட்ட கம்பம் நிற்பதுபோல என்க. இதன் விளைவை நம் உதாரணத்திற் பொருத்திப் பார்ப்போம்.

மூன்றாம் விதியை எழுதியவர், விண்ணப்பித்த குடும்பங்களின் எண்களை ஒரு பட்டியலிற் குறித்து, அப்பட்டியலைப் பொதுப்பொருளாக வைத்தார் என்று கொள்வோம். வறிய மாணவி ஒருத்தி காலையில் விண்ணப்பிக்கின்றாள். அவளுடைய குடும்ப எண் பட்டியலில் ஏறுகின்றது. தன் பெயரில் ஓரெழுத்துப் பிழையாயிருந்தமையால் மாலையில் அதனைத் திருத்தி மறுபடியும் அனுப்புகின்றாள். பழைய விண்ணப்பம் நீக்கப்படுகின்றது. ஆனால் பட்டியலில் அவ்வெண் இருக்கின்றது. 'இக்குடும்பத்தார் ஒருவர் முன்னரே விண்ணப்பித்துள்ளார்' என்று யந்திரம் கண்டு, பாதித் தொகையே தருகின்றது. அவளுக்கு உடன்பிறந்தார் எவருமில்லை. அவளே அவளுக்குப் போட்டியாயினாள். விதிகளை வரிவரியாகப் படிப்பவர்க்குப் பிழை தோன்றாது. சோதனை செய்வோர் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் புதிதாகத் தொடங்கிய யந்திரத்திலிட்டுப் பார்ப்பின், அங்கும் தோன்றாது. பாதித் தொகை பெற்றவள் ஏன் என்று கேட்பாளாயின், விதி அவ்வாறு உள்ளது என்னும் விடையே கிடைக்கும். கல்விச் சம்பளம் கட்ட இயலாது ஒருத்தி படிப்பை விடுவதற்கு, அழியாது நின்ற ஒரு பட்டியல் காரணமாகக்கூடும் என்றால், இது நினைவகத்தைப் பற்றிய நுட்பம் மாத்திரமன்று என்பது வெளிப்படை.

ஒரே சமயத்திற் பல அழைப்புக்கள் நடைபெறுங்கால் இத்தீங்கு இன்னும் பெருகும். ஓர் அழைப்பு எழுதுவதை மற்றோர் அழைப்பு இடையிலே படித்துவிடும். இதற்குப் பரிகாரம் எளிது. அத்தகைய பொருளை அமர்வின்மேல் வையாது, எக்ஸிகியூட் கட்டளையோடு சேர்த்து, அவ்வழைப்புக்கு மட்டும் உரியதாக அனுப்புதல் வேண்டும். பொதுவாக வைக்க வேண்டியவை, எவரும் மாற்றாத அட்டவணைகள் போன்றவையே. முன்னர் விண்ணப்பித்தோர் யார் என்பதை அறியவேண்டுமாயின், அதனை உரிய பதிவேட்டிலிருந்து ஒவ்வொரு முறையும் எடுத்து, செய்திப் பொருளாகவே உள்ளே இடுதல் முறை.

இரண்டாவது, செவிகொடுப்போர். விதி எப்பொழுது செயற்பட்டது என்பதைக் குறித்துக்கொள்ளுதற்குக் கவனிப்பான்களை அமர்வோடு இணைப்பது உண்டு. கவனிப்பான் தான் கண்ட பொருள்களைத் தன் பட்டியலிற் சேர்த்துக்கொண்டே போகுமாயின், அமர்வு கைவிட்டதை அது பற்றிக்கொள்ளும். பொருளைச் சேர்க்காது, விதியின் பெயரையும் எண்ணிக்கையையும் மட்டும் குறித்தல் நன்று.

மூன்றாவது, விதித்தொகுதியை அழைப்புத்தோறும் புதிதாக ஆக்குதல். அமர்வு நிலையற்றது என்பதனால் விதித்தொகுதியும் நிலையற்றது என்று சிலர் மயங்குவர். விதிகளைத் தொகுக்குங்கால் புதிய ஜாவா வகுப்புக்கள் உண்டாகின்றன. அவை தங்குமிடம் சாதாரணப் பொருள்கள் தங்குமிடத்தின் வேறானது. 2014-இல் வெளியான ஜாவா எட்டாம் பதிப்பிலிருந்து மெட்டாஸ்பேஸ் எனப்படுவது. அழைப்புத்தோறும் தொகுப்போர் காலத்தை இழப்பதோடு அவ்விடத்தையும் நிரப்புவர். சந்தைதோறும் வியாபாரிகள் மாறலாம். சந்தைத் திடலை வாரந்தோறும் புதிதாக வாங்குவார் உளரோ?

நான்காவது, அழைப்பின் நடுவிலேயே பெருகுதல். ஒரு விதி புதிய பொருளை இட, அப்பொருள் அதே விதியை மீண்டும் எழுப்புமாயின், முடிவேயிராது. அமர்வு முடியாதாதலின் விடுவித்தலும் நிகழாது. நினைவகம் நிரம்பி யந்திரம் வீழும். நிலை தாங்கா அமர்வு அழைப்புக்களுக்கு இடையில் மறக்குமேயன்றி, ஓர் அழைப்பினுள் மறப்பதன்று. விதிகளை எழுதிய வரிசையில் ஒவ்வொரு முறையே நோக்கி, இடையில் நிகழும் மாற்றங்களைப் பொருட்படுத்தாத 'தொடர்முறை' என்னும் அமைப்பு ஒன்று உண்டு. இத்தகைய சுழற்சி அதில் எழாது. ஆனால் ஒரு விதியின் முடிவை மற்றொரு விதி எதிர்பார்க்கும் இடங்களுக்கு அது ஏலாது.

7. எவ்வளவு சுமை ஓர் அழைப்புக்கு?

ஆயிரம் விண்ணப்பங்களை ஒரே அழைப்பில் இடுவதா, ஆயிரம் அழைப்புக்களாகப் பிரிப்பதா என்னும் கேள்வி அடுத்து எழும். விதிகளை நோக்கியே இதற்கு விடை கூறல் வேண்டும். முதல் இரண்டு விதிகளும் ஒரு விண்ணப்பத்தை மட்டும் நோக்குவன. அவற்றிற்குத் தனித்தனி அழைப்பே சிறந்தது. குறிப்புக்கள் சிறியனவாய் விரைவில் ஒடுங்கும். ஒருவர் செய்தி மற்றவரோடு கலவாது. விண்ணப்பங்களை ஒன்றோடொன்று ஒப்பிடும் விதி உளதாயின், ஒப்பிடத்தக்கவற்றை ஒருங்கே இடுதல் இன்றியமையாதது. அப்பொழுதும் ஆயிரத்தையும் சேர்க்காது, ஒரே குடும்ப எண்ணுடையவற்றை மட்டும் சிறு குழுவாக்கி இடலாம். பத்துப் பேரை ஒருங்கே இணைத்துப் பார்ப்பின் இணைகள் நூறுக்கு மேற்படா.

பட்டியல் ஒன்றை எக்ஸிகியூட் கட்டளைக்கு நேரே தந்தால், அதனுள் உள்ள ஒவ்வொன்றும் தனிச் செய்தியாக ஒரே அமர்வில் இடப்படும் என்பதையும் நினைவிற்கொள்க. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் அமர்வு நடக்கும் என்று கருதிப் பட்டியலைத் தருவோர், தனித்தனி நோக்கவேண்டியவற்றை அறியாமலே ஒன்றாகக் கூட்டிவிடுவர்.

8. நோயை அறியும் வழி

மறதி செம்மையாக நடைபெறுகின்றதா என்பதை எங்ஙனம் அறிவது? நினைவகத்தின் அளவைக் காலத்தோடு கோடிட்டுப் பார்த்தல் வேண்டும். நலமுள்ள யந்திரத்தில் அக்கோடு ரம்பத்தின் பல்லைப் போல ஏறி ஏறி இறங்கும். ஒவ்வொரு துப்புரவுக்குப் பின்னும் ஏறக்குறைய ஒரே தாழ்நிலைக்கு வந்து சேரும். நோயுற்றதிலோ, துப்புரவு செய்த பின்னும் தாழ்நிலை படிப்படியாக உயர்ந்துகொண்டே போகும். அவ்வாறு கண்டால், நினைவகத்தின் படியொன்றை எடுத்து, எவ்வகைப் பொருள் மிகுந்துள்ளது, அதனைப் பற்றியிருப்பது யாது என்று வேர்வரை சென்று நோக்குதல் முறை. பெரும்பாலும் அவ்வேர் ஒரு பொதுப் பட்டியலாகவோ, கவனிப்பானாகவோ, அழைத்த நிரலே சேர்த்துவைத்த முடிவுகளாகவோ இருக்கும்.

நீதிக்கேட்டை அறிதற்கு வேறொரு சோதனை வேண்டும். ஒரே விண்ணப்பத்தை அடுத்தடுத்து இருமுறை இடுக; இரு முடிவும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். இரண்டு விண்ணப்பங்களை முன்பின்னாக மாற்றியும் இடுக. அப்பொழுதும் முடிவு மாறலாகாது. முன்னர்க் கூறிய மாணவியின் வழக்கு இம்முதற் சோதனையிலேயே வெளிப்பட்டிருக்கும். சோதனைதோறும் யந்திரத்தைப் புதிதாகத் தொடங்காது, தொடர்ந்து ஓடும் யந்திரத்திலேயே இவற்றைச் செய்தல் இன்றியமையாதது என்பதை வற்புறுத்துகின்றோம்.

9. நினைவு வேண்டும் இடம்

இவ்வளவும் கூறியதனால், நிலை தாங்கும் அமர்வு இழிந்தது என்பது நம் கருத்தன்று. ஒரு கணக்கிலிருந்து ஒரு மணி நேரத்திற்குள் மூன்று ஊர்களிற் பணம் எடுக்கப்பட்டதா என்று நோக்கும் விதிக்கு முன்னைய செய்தியை மறவாமை வேண்டும். ஒரு கட்டடத்தில் தீ மூண்டதும், தணிந்ததும், நீர் தெளிக்கும் கருவி நிறுத்தப்பட்டதும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும் செய்திகள்; அவற்றைத் தொடர்ந்து வைத்திருப்பதே தக்கது. அங்கும், காலங்கடந்த செய்திகளை நீக்குதலும், முடிந்தபின் டிஸ்போஸ் செய்தலும் எழுதுவோர் கடன். காலத்தோடு தொடர்ந்து வளரும் வழக்குக்கு நிலை தாங்கும் அமர்வும், தனக்குத்தானே முழுமையுள்ள வழக்குக்கு நிலை தாங்கா அமர்வும் உரியன என்று சுருங்கக் கூறலாம். பின்னதைத் தேர்ந்தோர், தீர்ப்புக்கு வேண்டிய செய்தி யாவற்றையும் ஒவ்வொரு முறையும் குறைவின்றி உள்ளே அனுப்பக் கடமைப்பட்டவராவர். மறக்கும் நடுவரிடம் வழக்கை முழுதும் எடுத்துரைத்தல் வேண்டுமன்றோ?

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், விதி யந்திரம் காலத்தைப் பெறுதற்கு நினைவகத்தைச் செலவிடுவது என்பதும், நிலை தாங்கா அமர்வு அச்செலவை ஓர் அழைப்புக்குள் அடக்குவது என்பதும், அமர்வு கைவிடுவது தன் பற்றையேயன்றிப் பொருளையன்று என்பதும், பிறர் பற்றியிருக்கும் பொருளைச் சேகரிப்பான் வாராது என்பதும் விளங்கும். கணினி நூல் கற்கும் மாணவ நண்பர்கள் இக்கருவியைக் கையாளுங்கால், 'இப்பொருளை யார் பற்றியிருக்கின்றார்? எப்பொழுது விடுவார்?' என்னும் இரு வினாக்களையும் ஒவ்வொரு பொருளின்முன்னும் எழுப்புவாராக. நினைவகம் வீணாகாமற் காத்தல் அவ்வினாக்களின் சிறு பயன். யந்திரத்தின் முன் பெயரறியாது நிற்கும் ஒவ்வொருவரும், தமக்கு முன் வந்தவரின் நிழல் தம்மேற் படாது, தம் வழக்குக்குரிய தீர்ப்பையே பெறுதல் அவற்றின் பெரும் பயனாம்.